கூகைக்கு ஒரு பெட்டி

இஷாத் தொழுகை முடிந்து தெரு அடங்கிய பிறகு, பள்ளிவாசல் மினாராவின் மாடத்திலிருந்தோ பழைய வீட்டின் பரணிலிருந்தோ சில இரவுகளில் ஒரு கீச்சொலி எழும். பெரிய துணியை நடுவில் பிடித்துக் கிழிப்பது போன்ற ஒலி. உடனே வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறிவிடும். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடாயின் பேச்சே நின்றுவிடும். யாராவது ஒரு பையனைக் கல்லெடுத்து வரும்படி விரட்டுவார்கள். தொழுகையும் நோன்பும் தவறாத இல்லங்களிலேயே இதை நாம் கண்டிருக்கிறோம். கூகை அலறினால் சாவு வரும் என்ற நம்பிக்கை நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால் எவருக்கும் விடை தெரியாது. ஆனால் கல் மட்டும் குறி தவறுவதில்லை.

அறியாமைக் காலத்து அரபியரிடமும் இந்த அச்சம் இருந்தது. நம்முடையதைவிடக் கொடிய வடிவில் இருந்தது. கொலையுண்டவனுக்காகப் பழி தீர்க்கப்படாதவரை, அவன் தலையிலிருந்து ஒரு பறவை கிளம்பும். அது அவன் கல்லறைமீது அமர்ந்து, பருகத் தாருங்கள் என்று இரவெல்லாம் கதறும் என்று அவர்கள் நம்பினார்கள். அது கேட்பது தண்ணீரை அன்று; கொன்றவனின் குருதியை. அந்தப் பறவையை ஹாமா என்றார்கள். பாலையில் ஓர் ஆந்தை குரலெழுப்பிய ஒவ்வோர் இரவும், ஏதோ ஒரு குலத்தாருக்குத் தீராத கொலைக்கணக்கு நினைவுக்கு வந்திருக்கும். பறவைச் சகுனத்தையும் ஸஃபர் பற்றிய மூடநம்பிக்கையையும் மறுத்த அதே நபிமொழியில், ஹாமா என்ற ஒன்று இல்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்து மறுத்தார்கள். அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. ஒரு பறவையின்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைத்ததோடு, தலைமுறை தலைமுறையாக நீண்ட பழிக்கொலைகளுக்கு ஊன்றுகோலாக நின்ற ஒரு கதையையும் அந்தச் சொல் முறித்துப் போட்டது என்றே நாம் கருதுகிறோம். எகிப்தில் வாழ்ந்து 1405-இல் மறைந்த தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற தம் பெருநூலில் ஆந்தைக்கும் ஹாமாவுக்கும் இடம் தந்திருக்கிறார். அறிஞர்கள் மறக்கவில்லை, மறந்தது மக்கள்தாம்.

தமிழ் மண்ணிலும் கூகைக்கு இடுகாட்டு உறவு பழையது. தாழிகள் நிறைந்த சுடலையைப் பாடிய ஒரு சங்கப் புலவரின் இயற்பெயர் தொலைந்துபோய், அவர் பாடலில் வந்த பறவையே பெயராகிக் கூகைக்கோழியார் ஆகிவிட்டார். ஆக, இந்த அச்சத்துக்கு மதமும் மொழியும் தடையாக இருந்ததில்லை. அதை உதறிவிட்டு, அந்தப் பறவைக்கு மனிதர்கள் தங்கள் கையால் வீடு கட்டிக் கொடுத்த வரலாறும் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அன்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விழைகிறோம்.

அதற்குமுன் எலியைப் பற்றி ஒரு சொல். இஹ்ராமில் இருப்பவரும் கொல்ல அனுமதி பெற்ற உயிர்களுள் எலி ஒன்று என்பதை ஹஜ்ஜுச் சட்டம் படித்தோர் அறிவர். உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியபோது, எலி திரியை இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடக்கூடும் என்பதையே காரணமாகக் கூறினார்கள். வீட்டிலும் வயலிலும் எலி செய்யும் கேடு என்றும் சிறியதாக எண்ணப்பட்டதில்லை. நம் காவிரிப் படுகையின் உழவர்கள் மூங்கிலை வில்லாக வளைத்துத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற பொறியை உண்டாக்கியதும் அதனால்தான்.

கூகையைப் படைத்தவன் அதை எலிக்காகவே படைத்தானோ என்று எண்ணத் தோன்றும். இதய வடிவிலான அதன் வெண்முகம் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் தட்டு. இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் அமைந்திருப்பதால், முழு இருளில் புல்லுக்கடியில் ஓடும் எலி எந்தத் திசையில், எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அது செவியாலேயே அளந்துவிடுகிறது. இறகின் முன்விளிம்பில் சீப்புப்பல் போன்ற மென்மையான அமைப்பு இருப்பதால் சிறகடிக்கும் ஓசை எலிக்குக் கேட்பதில்லை. விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் அது என்ன தின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இவ்வளவு கொடுக்கப்பட்ட பறவைக்கு ஒன்று மட்டும் கொடுக்கப்படவில்லை. அதற்குக் கூடு கட்டத் தெரியாது. முதிர்ந்த மரத்தின் பொந்து, பாழடைந்த கட்டடத்தின் மாடம், களஞ்சியத்தின் பரண் என இருளும் மறைவும் உள்ள ஓர் இடம் தானாகக் கிடைத்தால்தான் முட்டையிடும். பழைய மரங்களை வெட்டி, ஓட்டு வீடுகளை இடித்துத் தட்டைக் கூரை போட்ட ஒவ்வோர் ஊரிலும் கூகை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எலிக்கு நாம் உணவைப் பெருக்கினோம். எலியைத் தின்பதற்கு இருந்த இடத்தை எடுத்துக்கொண்டோம்.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய நிலம் மலாயா. அங்கே செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட தோட்டம் சிலாங்கூரில் உள்ளது. 1917-இல் அதை உருவாக்கியவர் ஆன்ரி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! நம் மக்களின் வியர்வை அந்நாட்டுத் தோட்டங்களில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு அந்தப் பெயரே போதும். பிறகு ரப்பர் விலை வீழ்ந்து, 1960-களிலிருந்து பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது பெருகியது. நிலமற்ற மலாய்க் குடும்பங்களைக் குடியமர்த்த 1956-இல் தோன்றிய ஃபெல்டா என்ற அரசு அமைப்பும் செம்பனைக்கு மாறியது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே மரம். ஆண்டு முழுவதும் எண்ணெய் ஊறும் பழக்குலை. வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு இடையே குவித்துப் போடுவது தோட்ட வழக்கம். உணவும் இருப்பிடமும் ஒருசேரக் கிடைத்தால் எலிக்கு வேறென்ன வேண்டும்? பழத்தின் சதையைக் கரும்பியது. உதிர்ந்த பழத்தை மட்டைக் குவியலுக்குள் இழுத்துச் சென்றது. இளங்கன்றின் குருத்தைக் கடித்துச் சாய்த்தது. எலி பெருகிய தோட்டங்களில் எண்ணெய் விளைச்சலின் இழப்பு 5 முதல் 10 விழுக்காடு வரை மதிப்பிடப்பட்டது. மகரந்தச் சேர்க்கைக்காக 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்பட்டதும் நிலைமை இன்னும் விந்தையாயிற்று. ஆண் பூங்குலையில் வளரும் அந்த வண்டின் புழுக்களையும் எலிகள் விருந்தாக்கிக்கொண்டன.

அதுவரை தீபகற்ப மலாயாவில் கூகை அரிய பறவை. 1968-இல் ஜொகூரின் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது கூடு வைத்திருந்தது பதிவாயிற்று. எலி இருக்குமிடத்தைத் தேடி அது தானாகவே வந்துகொண்டிருந்தது. ஆனால் செம்பனையில் பொந்து ஏது? இரை மலைபோல் குவிந்த நிலத்தில் முட்டையிட இடமின்றி அது திண்டாடியது. 1970-களின் பிற்பகுதியில் மலாயா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளராக இருந்த கிரஹாம் லென்டன் இதைக் கூர்ந்து கவனித்தார். மரப்பெட்டிகள் செய்யப்பட்டுக் கம்பங்களின் உச்சியில் பொருத்தப்பட்டன. பறவைகள் வந்து குடியேறின. கக்கிய உருண்டைகளைப் பிரித்தபோது அவற்றில் ஏறக்குறைய முழுவதும் எலி எலும்பே இருந்தது. குஞ்சு வளர்க்கும் ஓர் இணை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கிறது என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரியவந்தது. பின்னர் ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்ற அளவில் தோட்டங்கள்தோறும் அது பரவியது. சிலாங்கூரின் நெல்வயல்களுக்கும் சென்றது.

இங்கே மொழியின் ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். மலாய் மொழியில் ஆந்தைக்குப் பொதுப்பெயர் ‘புருங் ஹந்து’. பேய்ப்பறவை என்று பொருள். ஆனால் கூகைக்கு உரிய பெயர் ‘புங்குக் ஜெலாப்பாங்’. ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். ஒரே பறவையின் இரு பெயர்களில் ஒன்று அச்சத்திலிருந்தும் மற்றது உழவனின் அனுபவத்திலிருந்தும் வந்திருக்கிறது.

பெட்டி வைத்ததும் எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தோட்டங்களில் எலிக்கு வைத்துவந்த நஞ்சு வார்ஃபாரின். இதய நோயாளிகளுக்கு இரத்தம் உறையாதிருக்க மருத்துவர் எழுதித் தருகிறாரே, அதே மருந்துதான். ஆண்டுகள் செல்லச் செல்ல அதற்கு அஞ்சாத எலிகள் தோன்றின. உடனே அதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள புரோடிபாகூம் போன்ற இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் வந்தன. இவற்றைத் தின்ற எலி அப்போதே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடி நடமாடும். தள்ளாடும் எலி கூகைக்கு எளிய இரை. அந்த எலியின் உடலில் தங்கிய நஞ்சு கூகையின் ஈரலில் சேரும். தோட்டத் துறையைச் சேர்ந்த டக்கெட் என்பவர், அத்தகைய நஞ்சு வைத்த தோட்டத்தில் செழித்திருந்த கூகைக் கூட்டம் எப்படிச் சரிந்தது என்பதை 1984-இல் ‘பிளாண்டர்’ இதழில் எழுதினார். ஒரு கையால் வீடு கொடுத்து, மறு கையால் அந்த வீட்டுக்குள்ளேயே நஞ்சை ஊட்டியிருக்கிறோம். பெட்டிகள் எத்தனை வைத்தோம் என்று கணக்குக் காட்டுவது எளிது. எந்த நஞ்சை நிறுத்தினோம் என்று கேட்டால்தான் தோட்ட நிர்வாகத்தின் நேர்மை தெரியும்.

கூகை மட்டுமே எலியை அடக்கிவிடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எலி ஏற்கெனவே தலைதூக்கிவிட்ட இடத்தில் அதை முதலில் பொறியாலோ மிதமான மருந்தாலோ குறைத்துவிட்டு, குறைந்த நிலையைக் காக்கக் கூகையிடம் ஒப்படைப்பதே தக்கது என்பது பலரின் அனுபவம். இல்லாத இடத்துக்குக் கூகையைக் கொண்டுபோய் விடுவதோ பெரும் பிழை. சீஷெல்ஸ் தீவுகளில் எலியை ஒழிக்கவென்று 1949-இல் ஆப்பிரிக்கக் கூகைகளை இறக்கினார்கள். அவை எலியைவிட எளிதாகக் கிடைத்த தீவின் வெண்ணிறக் கடற்பறவைகளை வேட்டையாடின. பின்னர் கூகையைக் கொல்வோருக்கு அரசே பரிசு அறிவிக்க நேர்ந்தது. பறவை செய்த குற்றம் எதுவுமில்லை. அதற்கு இடமல்லாத இடத்தில் அதை விட்ட மனிதனின் அவசரமே அங்கே தோற்றது.

ஹாமாவின் கதை பிறந்த அரபு நிலத்தின் விளிம்பிலும் இந்தப் பெட்டி ஒரு சோதனையைச் சந்தித்தது. ஜோர்டான் ஆற்றின் மேற்கே 1983-இல் ஒரு யூதக் குடியிருப்பின் வயல்களில் தொடங்கிய கூகைப் பெட்டிகள், 2002-இல் ஆற்றைக் கடந்து ஜோர்டான் நாட்டு வயல்களுக்கும் வந்தன. ஜோர்டான் தரப்பில் இதை முன்னெடுத்தவர் ஓய்வுபெற்ற படைத்தளபதி மன்சூர் அபூ ரஷீத். அங்கே பெருந்தடையாக நின்றது எல்லைக்கம்பி மட்டுமன்று. ஆந்தை என்றாலே தீக்குறி என்று விவசாயிகள் நம்பியதும்தான். பெட்டி வைக்கும்முன் பேச வேண்டியிருந்தது. பேசிப் பேசி அச்சத்தைக் கரைக்க வேண்டியிருந்தது. அந்த மண்ணின் காயங்கள் பெரியவை. ஒரு மரப்பெட்டி அவற்றை ஆற்றும் என்று நாம் சொல்லவில்லை. பதினான்கு நூற்றாண்டுகளுக்குமுன் மறுக்கப்பட்ட ஒரு நம்பிக்கை, மறுக்கப்பட்ட அதே மொழியைப் பேசும் மக்களிடம் இன்னும் உயிரோடிருந்தது என்பதையே குறிப்பிட விரும்புகிறோம். நம் தெருவில் கல்லெடுக்கும் பையனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

நம் மனத்தை மிகக் கவர்ந்த ஊர் நடு ஜாவாவில் இருக்கிறது. ஜாவாவின் முதல் முஸ்லிம் அரசு எழுந்த தெமாக் பகுதியில் த்லொகொவெரு என்ற சிற்றூர் உண்டு. தெமாக்கின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலை மரத்தூண்கள் தாங்கி நிற்பதை வரலாறு படித்தோர் அறிந்திருப்பர். நெல்லும் சோளமும் விளையும் அந்த ஊரின் வயல்களை எலி அழித்துக்கொண்டிருந்தது. நஞ்சும் புகையும் வேட்டையும் ஓய்ந்தபின், ஊரார் கூகையிடம் திரும்பினார்கள். வயல் நடுவே கம்பங்களை நட்டு, சிறு கூரை போட்ட பெட்டிகளை வைத்தார்கள். பேய்ப்பறவையின் வீடு என்ற சொற்றொடரைச் சுருக்கி அவற்றுக்கு ‘ருபுஹா’ என்று பெயரிட்டார்கள். பேய் என்ற சொல் பெயரில் அப்படியே இருக்க, பேய் மட்டும் போய்விட்டது! கூகையைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று ஊராட்சியே விதி வகுத்தது. மற்ற ஊர்களின் விவசாயிகள் அங்கே வந்து பார்த்துச் செல்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகமோ பெரிய தோட்ட நிறுவனமோ சொல்லி அவர்கள் பணிந்தார்கள் என்பதைவிட, சொந்த வயலின் இழப்பு அவர்களைத் தங்கள் அச்சத்தோடு நேருக்குநேர் நிற்கவைத்தது என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆந்தைகளைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். நெல்வயலில் இரவில் ஆந்தை அமர்ந்து எலி பார்க்கக் குச்சி நடும் வழக்கம் நம் உழவர்களிடம் இன்றும் உண்டு. அமரக் குச்சி வைப்பவர்கள் தங்கப் பெட்டியும் வைக்கலாம். தென்னந்தோப்பு வைத்திருப்போரும், ஓட்டுப் பரணை இடித்துப் புது வீடு கட்டுவோரும், மினாராவின் மாடங்களுக்குக் கம்பிவலை அடிக்கத் திட்டமிடும் மஹல்லா நிர்வாகிகளும் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெட்டி செய்யத் தச்சர் ஒருவரின் அரைநாள் போதும். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமுமாகக் கனமான பலகையில் செய்து, ஓர் ஓரத்தில் கூகை நுழையும் அளவுக்கு மட்டும் வாயில் விட வேண்டும். உள்ளே ஒரு தடுப்புப் பலகை இருந்தால் வெளிச்சம் முட்டைமேல் படாது. வாயிலுக்கு முன்னே குஞ்சுகள் நின்று சிறகடித்துப் பழகச் சிறு திண்ணை வேண்டும். மழைச்சாரலும் மாலை வெயிலும் நேரே விழாத திசையில், ஆளுயரத்துக்கு இருமடங்குக்கும் மேலே, நாய் பூனை ஏறாத கம்பத்தில் பொருத்த வேண்டும். வைக்கோலோ பஞ்சோ இட வேண்டியதில்லை. கக்கிய உருண்டைகள் மிதிபட்டு அதுவே மெத்தையாகிவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எலி நஞ்சு வைப்பதை நிறுத்தாமல் பெட்டியை ஏற்ற வேண்டாம். வந்து குடியேறச் சில மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம்.

வந்துவிட்டால், முட்டை இருக்கும் ஒரு மாதமும் ஏணி வைத்து எட்டிப் பார்க்கக் கூடாது. தாய் கூட்டைக் கைவிட்டுவிடும். முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, நாட்கள் இடைவிட்டுப் பொரியும். ஆதலால் ஒரே பெட்டிக்குள் பெரிய குஞ்சும் சிறிய குஞ்சும் இருக்கும். இரவில் அவை எழுப்பும் சீறல் ஒலியைத்தான் நம் வீடுகளில் பேயின் மூச்சு என்று சொல்லி வந்திருக்கிறோம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அந்தச் சீறலைப் பல்லாண்டுகள் கேட்டு ஆராய்ந்தார்கள். பெற்றோர் கொண்டுவரும் அடுத்த எலி யாருக்கு என்று குஞ்சுகள் தங்களுக்குள் குரலால் பேசி முடிவு செய்கின்றன என்றும், மூத்த குஞ்சு சில வேளைகளில் தன் பங்கு எலியை இளைய குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது என்றும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.